இறால் ஒளிகிறதா? இன்னும் ஒளிய இடம் கொடுங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் விளங்குகிற மாதிரி முதலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கொழும்பு வெள்ளவத்தையில் அடுக்குமாடி வீடு, முன் அறையில் இரண்டடித் தொட்டி, அதில் நான்கு கப்பி, ஒரு கௌராமி. ஒன்பது நாளைக்கு முன் ஆறு ரெட் செர்ரி இறால் வாங்கி விட்டீர்கள். அடியில் வெள்ளை மணல், இரண்டு பிளாஸ்டிக் செடி, ஒரு பெரிய கல். காலை ஏழு மணிக்கு லைட் போட்டால் இரவு பத்துக்குத்தான் அணைப்பீர்கள். முதல் நாள் ஆறும் தெரிந்தன, இப்போது பில்டருக்குப் பின்னால் ஒன்றின் மீசை மட்டும் தெரிகிறது, மற்றவை இருக்கின்றனவா செத்துவிட்டனவா என்றே தெரியவில்லை. மகள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு தேடுகிறாள். செடிகளை எடுத்துவிட்டு லைட்டையும் கூட்டினால் வெளியே வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வராது. இன்னும் உள்ளே போகும். தயவுசெய்து அந்த இரண்டு செடியையும் தொடாதீர்கள், முடிந்தால் இன்றைக்கே லைட் நேரத்தைப் பாதியாக்குங்கள். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் விளங்கினால் மிச்சத்தை உங்கள் தொட்டியைப் பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள்.

செர்ரி இறாலின் பூர்வீகம் தாய்வான், சீனா பக்கத்து ஓடைகளும் குளங்களும். வளர்ந்த பெண் இறாலே மூன்று சென்ரிமீற்றர்தான், ஆண் அதைவிடச் சிறியது. கொடுக்கில் பலமில்லை, முள் இல்லை, விஷமில்லை. வாய் கொள்கிற எந்த மீனும் அதைத் தின்னும். காட்டில் இருக்கிற அசல் இறால் இலைச் சருகின் நிறத்தில், பாதி கண்ணாடி மாதிரி இருக்கும், பக்கத்தில் நின்று பார்த்தாலும் கண்ணுக்குப் பிடிபடாது. சிவப்பு என்பது மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துப் பெருக்கிய நிறம். உடம்புக்குச் சிவப்புச் சட்டை போட்டுவிட்டோம், உள்ளே இருக்கிற பயத்தை யாரும் மாற்றவில்லை. அது இன்னமும் தான் ஒரு தின்னப்படுகிற பிராணி என்ற கணக்கில்தான் ஒவ்வொரு அடியும் வைக்கிறது.

அந்தக் கணக்கைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் தொட்டியிலிருந்து ஓர் எட்டுத் தள்ளிக் கதிரையைப் போட்டு, அசையாமல் பத்து நிமிடம் இருங்கள். இலைக்கு அடியிலிருந்து முதலில் நீள மீசை இரண்டும் வெளியே வரும், தண்ணீரின் அசைவைத் தடவிப் பார்க்கும். அதற்கு உள்ளே இன்னொரு சோடி, குட்டையாக, விடாமல் துடித்துக்கொண்டிருக்கும். அதுதான் அதன் மூக்கு. மீனின் வாசம் தண்ணீரில் இருக்கிறதா, சாப்பாட்டு வாசம் இருக்கிறதா என்று அதால்தான் பார்க்கிறது. பிறகு காம்பில் இருக்கிற கண்கள், பிறகு முன்கால்கள். ஒரு சென்ரிமீற்றர் வந்து நிற்கும், சின்னக் கைகளால் தரையைக் கிள்ளிக் கிள்ளி வாயில் வைக்கும், அப்புறம் இன்னொரு சென்ரிமீற்றர். இந்த நேரத்தில் மேலே ஒரு நிழல் போனால் வாலை உள்ளே மடித்து ஒரே அடி, இமை மூடித் திறப்பதற்குள் பின்பக்கமாகப் பாய்ந்திருக்கும். அந்தப் பாய்ச்சல் யோசித்துச் செய்வதில்லை, அதற்கென்றே உடம்பில் ஒரு தடித்த நரம்பு பாதை இருக்கிறது. அதனால்தான் மகளிடம் கண்ணாடியைத் தட்ட வேண்டாம் என்று சொல்லச் சொல்கிறேன். ஒரு தட்டுக்கு அது செலவழிக்கிற பயம் பெரியது, திரும்ப வெளியே வர அரை மணிநேரம் ஆகும்.

சரி, உங்கள் தொட்டிக்கு வருவோம். ஒன்பது நாள் என்பது ஒன்றுமே இல்லை. கடைத் தொட்டியிலிருந்து பையில் அடைபட்டு, வேறு தண்ணீர், வேறு வெளிச்சம், வேறு வாசம். இரண்டு மூன்று கிழமை ஒளிந்திருப்பது எந்தக் குறையுமில்லாத இறாலுக்கும் வழக்கம்தான். முதல் நாள் ஆறும் தெரிந்ததைப் பார்த்து இப்போதுதான் ஏதோ கெட்டுவிட்டது என்று நினைக்கிறீர்கள். முதல் நாள் அவை சந்தோஷமாக உலாவவில்லை தம்பி, ஒளிய இடம் தேடி அலைந்தன. இடம் கிடைத்ததும் அடங்கிவிட்டன.

அடுத்தது கௌராமி. இதைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன், கௌராமி இருக்கிற வரைக்கும் உங்கள் மகள் இறாலை வடிவாகப் பார்க்க முடியாது. அது இதுவரை ஒன்றையும் தின்னாமல் இருக்கலாம், ஆனால் இறாலுக்கு அது தெரியாது. மீன் துரத்தினால்தான் பயம் என்று இல்லை, மீனின் வாசம் தண்ணீரில் கலந்திருந்தாலே போதும். நான் ஒருமுறை பைட்டர் மீன் ஒன்றை இறால் தொட்டியிலிருந்து எடுத்த பிறகும் கிட்டத்தட்ட இரண்டு கிழமை இறால்கள் பழையபடி பாசிக்குள்ளேயேதான் கிடந்தன, மூன்றாவது கிழமைதான் பகலில் நடுத்தொட்டிக்கு வந்தன. கப்பி அவ்வளவு மோசமில்லை. வளர்ந்த இறாலைக் கப்பி ஒன்றும் செய்யாது, சும்மா வந்து கொத்திப் பார்க்கும். ஆனால் பிறந்த குஞ்சு இரண்டு மில்லிமீற்றர்தான், அதைக் கப்பி விடவே விடாது. மீனும் இறாலும் ஒரே தொட்டியில் வேண்டுமென்றால் ஒட்டோசின்க்ளஸ் மாதிரி கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னுகிற சின்ன மீன்தான் எனக்கு நம்பிக்கையானது.

ஆறு என்பதும் குறைவு. இரண்டடித் தொட்டி என்றால் ஐம்பது லீற்றருக்குக் கிட்ட வரும், அதில் ஆறு இறால் என்பது ஒரு மைதானத்தில் ஆறு பேர் மாதிரி. கூட்டமாக இருந்தால் இவை துணிவாக இருக்கும், ஒன்று வெளியே வந்து பத்திரமாக மேய்வதைக் கண்டு மற்றவையும் வரும். பத்துக்குக் குறையாமல், முடிந்தால் இருபது. ஆனால் இப்போதே போய் வாங்காதீர்கள். முதலில் இடத்தைச் சரிசெய்யுங்கள்.

இடம் என்பதுதான் உங்கள் கேள்வியின் நடுப்புள்ளி. ஒளிய இடம் கூடினால் இறால் கூடுதலாகத் தெரியும். கேட்கத் தலைகீழாக இருக்கும், ஆனால் இறாலின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். உங்கள் தொட்டியில் பத்திரமான இடம் ஒன்றே ஒன்று, பில்டருக்குப் பின்னால். அங்கிருந்து சாப்பாடு கிடக்கிற இடத்துக்கு முக்கால் அடி வெறும் வெள்ளை மணல். அந்த வெளியைக் கடக்க அது துணியாது. அதே தூரத்தில் மூன்று விரற்கடைக்கு ஒரு செடியோ சிரட்டையோ இருந்தால், எங்கே நின்றாலும் ஒரு பாய்ச்சலில் மறைவுக்குப் போய்விடலாம் என்று அதற்குத் தெரிந்தால், அது பகல் முழுக்க வெளியேதான் நிற்கும். என் தொட்டிகளில் அடர்ந்து செடி இருக்கிற ஒன்றில்தான் எந்நேரமும் இறால் தெரியும்.

இதற்குப் பெரிய காசு தேவையில்லை. ஜாவா மொஸ் என்ற பாசிச்செடி ஒரு கைப்பிடி வாங்கிக் கல்லில் நூலால் கட்டிவிடுங்கள். அது நம் வீட்டுச் சூட்டையும் தாங்கும், குறைந்த வெளிச்சத்திலும் வளரும், அதன் இழைகளில் படிகிற மெல்லிய வழுவழுப்புப் படலம்தான் இறாலின் உண்மையான சாப்பாடு. வேருள்ள செடி வேண்டுமென்றால் க்ரிப்டோகொரைன் வெண்டிஐ வாங்குங்கள். உலகம் முழுக்க மீன் தொட்டிகளில் வளர்க்கிற அந்தச் செடி நம் இலங்கைக்கே உரியது, வேறெங்கும் இயற்கையில் இல்லை. அதனாலேயே ஓடைகளில் போய்ப் பிடுங்க வேண்டாம், பண்ணையில் வளர்த்து விற்பதை வாங்குங்கள். தேங்காய்ச் சிரட்டையில் இரண்டு ஓட்டை போட்டு, தும்பைச் சுரண்டி, தண்ணீரின் சாயம் வெளிறும் வரை மூன்று நான்கு தடவை தண்ணீர் மாற்றி அவித்துப் போட்டால் அருமையான குகை. உடைந்த ஓட்டுத் துண்டு, பூசாத மண்சட்டித் துண்டு எல்லாம் நல்லது. கொட்டம்பா இலை, வாதுமை என்றும் சொல்வார்கள், தானாக விழுந்து காய்ந்து பழுப்பானது, றோட்டோரப் புகை படாத மரத்தில் பொறுக்கி, கழுவி, இரண்டு போடுங்கள். கடற்கரைப் பக்கம் எத்தனையோ மரம் நிற்கிறது. தண்ணீர் இலேசாகத் தேயிலைச் சாயம் பிடிக்கும், அது நல்லதே. ஒரு மாதத்தில் இலை வெறும் நரம்பு வலையாகிவிடும், அவ்வளவும் இறால் தின்றதுதான்.

வெள்ளை மணலைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைத் தரையில் இறால் தன் நிறத்தைக் குறைத்துக்கொள்ளும், வெளிறிப்போகும். கறுப்பு அல்லது கடும் பழுப்புத் தரையில் அதே இறால் சில நாளில் இரத்தச் சிவப்பாகும். உடனே மாற்ற வேண்டுமென்று இல்லை, தொட்டியைக் கலக்குவது இன்னும் கெடுதல். அடுத்த தொட்டிக்கு நினைவில் வைத்திருங்கள். லைட் பதினைந்து மணிநேரம் என்பது மிக அதிகம், ஏழெட்டு மணிநேரம் போதும். பின்னேரம் இரண்டு மணிக்குப் போட்டுப் பத்துக்கு அணைத்தால் மகள் வருகிற நேரமும் அதற்குள் வந்துவிடும். மேலே கொஞ்சம் மிதக்கிற செடி விட்டால் வெளிச்சம் உடைந்து விழும், நிழல் இருக்கிற இடத்தில் இறால் உலாவும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ஓடு கழற்றுவது. இறாலுக்கு எலும்பு வெளியேதான். உடம்பு வளர வேண்டுமென்றால் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுச் சட்டையில் பெருக்க வேண்டும். குஞ்சுகள் கிழமைக்கு ஒருமுறை போலவும் வளர்ந்தவை மாதத்துக்கு ஒருமுறை போலவும் கழற்றும். நான் ஒரேயொரு தடவை பக்கத்தில் இருந்து முழுதாகப் பார்த்திருக்கிறேன். பெரிய பெண் இறால் ஒன்று முந்தைய நாளே சாப்பாட்டுக்கு வரவில்லை, சிரட்டை ஓரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. நான் செத்துப்போகிறது என்றே நினைத்தேன். திடீரென்று உடம்பை வளைத்தது, தலைக்கவசமும் வால்பகுதியும் சேருகிற இடத்தில் மேலே ஒரு கீறல் விழுந்தது, அந்தக் கீறலால் ஒரு துள்ளல், அவ்வளவுதான், இறால் ஒரு பக்கமும் சட்டை ஒரு பக்கமும் கிடந்தன. அந்தச் சட்டையில் கண்ணின் மூடி, மீசையின் உறை, ஒவ்வொரு காலின் நுனி வரை அப்படியே இருந்தது, வெறும் கண்ணாடி. இறால் பஞ்சு மாதிரி நின்று நின்று நடந்து பாசிக்குள் போனது. அடுத்த இரண்டு நாள் அதைக் காணவில்லை. புது ஓடு இறுகும் வரை யார் வாய் வைத்தாலும் போய்விடும் என்று அதற்குத் தெரியும், அதனால் ஒளிகிறது. இது தொந்தரவு செய்யவே கூடாத ஒளிதல். வெற்றுச் சட்டையைக் கண்டு இறால் செத்துவிட்டது என்று பயந்து எடுத்து வீசுகிறவர்கள் நிறைய, அதை அப்படியே தொட்டியில் விட்டுவையுங்கள், கல்சியத்துக்காக இறால்கள் திரும்பத் தின்னும். செத்த இறால் இளஞ்சிவப்பாக, அவித்த மாதிரி, உள்ளே சதையோடு இருக்கும். சட்டையில் வெளிச்சம் ஊடுருவும்.

பெண் இறால் ஓடு கழற்றினவுடன் தண்ணீரில் ஒரு வாசம் விடும், ஆண்கள் எல்லாம் பைத்தியம் பிடித்த மாதிரி தொட்டி முழுக்க நீந்தித் தேடும். முதல் தடவை பார்ப்பவர்கள் தண்ணீரில் நஞ்சு என்று நினைத்துவிடுவார்கள். வித்தியாசம் சொல்கிறேன்: சிறிய, மெலிந்த ஆண்கள் மட்டும் ஓடித்திரிந்து, பெரிய பெண்கள் பேசாமல் மேய்ந்துகொண்டிருந்தால் அது கல்யாண வீடு. பெரியது சின்னது எல்லாமே அடித்துப் பாய்ந்து, பிறகு பக்கவாட்டில் விழுந்து கால் துடித்தால் அது நஞ்சு, ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கல்யாணத்துக்குப் பிறகு பெண் வயிற்றுக்கு அடியில் இருபது முப்பது முட்டையைத் தூக்கிக்கொண்டு, நீந்துகிற சின்னக் கால்களால் விசிறிக்கொண்டே மூன்று நான்கு கிழமை இருக்கும். நம் சூட்டில் சில நாள் முந்தியே பொரிக்கும். அந்தக் காலத்தில் அதுவும் ஒதுக்குப்புறத்தில்தான் இருக்கும், குஞ்சுகளும் முதல் கிழமைகளில் மொஸ்ஸை விட்டு வரா. ஆகவே உங்கள் தொட்டியில் காணாமல் போனவற்றில் ஒன்று முட்டையோடு கூட இருக்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் இயல்பான ஒளிதல். கவலைப்பட வேண்டியது வேறொன்று: மாதக்கணக்கில் வெளியே நின்ற இறால்கள் ஒரே நாளில் எல்லாமாக மறைவது. உங்களுக்கு இப்போது அது இல்லை, ஆனால் கொழும்பில் இறால் வளர்க்கிறவர்களுக்கு எப்போதாவது வரும் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

முதலாவது நுளம்பு மருந்து. இதில் நான் ஒரு தொட்டியையே இழந்திருக்கிறேன். டெங்குக் காலத்தில் எங்கள் ஒழுங்கையில் புகை அடித்தார்கள். யன்னல் திறந்து கிடந்தது, நான் வேலையில், தொட்டியின் காற்றுப் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பம்பு செய்கிற வேலையே அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் அனுப்புவதுதானே, புகையையும் அப்படியே இழுத்து விட்டுவிட்டது. பின்னேரம் வந்து பார்த்தபோது மீன்கள் சும்மா நீந்திக்கொண்டிருந்தன, இறால் ஒன்றுமே வெளியே இல்லை. மீன் நன்றாகத்தானே இருக்கிறது என்று நான் விட்டுவிட்டேன். விடிய எழும்பிப் பார்த்தால் நாற்பதுக்கு மேல் இளஞ்சிவப்பாகத் தரையில். நுளம்பை விரட்டுகிற புகை, ஸ்பிரே, சுருள், கறண்டில் செருகுகிற திரவம் எல்லாவற்றிலும் பெரும்பாலும் பைரித்ரோயிட் வகை மருந்துதான் இருக்கும். அது பூச்சியின் நரம்பைத் தாக்குவது, இறாலும் பூச்சியும் ஒரே கணுக்காலிக் குடும்பத்து உறவு, மீனுக்கு ஒன்றும் செய்யாத அளவே இறாலைக் கொன்றுவிடும். மீன் நன்றாக இருக்கிறது என்பது இறாலுக்குச் சாட்சி இல்லை, இதை எனக்கு நாற்பது உயிர் சொல்லித் தந்தது. உங்கள் அறையில் சுருள் கொளுத்த வேண்டாம். புகை அடிக்கிற சத்தம் கேட்டால் யன்னலைச் சாத்தி, பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத் துவாயால் மூடுங்கள். மணம் முழுக்கப் போனதும் அறையைத் திறந்து காற்று விட்டு, பிறகு பம்பைப் போடுங்கள். கையில் நுளம்பு கிறீம் பூசிக்கொண்டு தொட்டிக்குள் கைவிடுவதும் அதே கதைதான். செடி வாங்கினாலும் பல நாள் வாளியில் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்துத்தான் போட வேண்டும், பூச்சிமருந்து அடித்து வளர்த்ததாக இருக்கலாம். அதோடு தும்பியின் குஞ்சும் செடியில் ஒட்டி வரும். மீனில்லாத தொட்டியில் இறால்கள் ஒளிந்துகொண்டு, எண்ணிக்கையும் ஒவ்வொன்றாகக் குறைந்தால் நான் முதலில் தேடுவது அந்தத் தும்பிக் குஞ்சைத்தான்.

இரண்டாவது சூடும் காற்றும். செர்ரி இறாலுக்கு இருபதிலிருந்து இருபத்தாறு பாகை வரை சுகம், முப்பது வரை தாங்கும். சித்திரை மாதத்துக் கொழும்பில் மூடிய வீட்டில் பின்னேரம் தொட்டி முப்பதைத் தொட்டுவிடும். இருபது பாகைத் தண்ணீர் லீற்றருக்கு 9 மில்லிகிராம் ஒட்சிசன் வரை பிடித்திருக்கும், முப்பது பாகையில் அது 7.5 ஆகிவிடும், அதே நேரத்தில் இறாலின் உடம்பு கூடுதலாகக் கேட்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை கறண்ட் இல்லாமல் இருந்த நாட்களில் இதை நான் நேரே கண்டேன். முதலில் எல்லாம் ஒளிந்தன, சில மணிநேரத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாக ஏறிவந்து தண்ணீர் மட்டத்தில் செடி நுனிகளில் தொங்கின. ஒளிவதைவிட மேலே ஏறித் தொங்குவதுதான் மோசமான அடையாளம். பற்றரியில் ஓடுகிற சின்னக் காற்றுப் பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும். வெயில் நாளில் மூடியைத் திறந்து மேசை விசிறியைத் தண்ணீர் மேல் படும்படி வைத்தால் ஓரிரு பாகை இறங்கும். கிறிஸ்டல் ரெட் என்ற இன்னொரு வகை இறால் வடிவாக இருக்கிறது என்று வாங்கப் போகாதீர்கள், அதற்கு இருபத்து நான்குக்குக் கீழே வேண்டும், குளிரூட்டி இல்லாமல் இங்கே சரிவராது.

மூன்றாவது தண்ணீர். நமக்குக் குழாயில் வருவது களனி கங்கையிலும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலும் இருந்து எடுத்த மென்தண்ணீர், சுண்ணாம்பு குறைவு. யாழ்ப்பாணத்தில் கேத்திலில் வெள்ளைப் படை கட்டும், கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. கொழும்பில் அந்தப் படையை நீங்கள் காணமாட்டீர்கள். குடிக்க நல்லது, இறாலுக்கு ஓடு செய்யப் போதாது. ஜிஎச் என்ற கடினத்தன்மை ஆறிலிருந்து எட்டு வரை இருக்க வேண்டும், சோதிக்கிற துளிமருந்து மீன் கடைகளில் கேட்டுப் பாருங்கள். குறைந்தால் ஓடு கழற்றும்போது பாதியில் சிக்கும், கழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம் தெரியும், அப்படித் தெரிந்தது பெரும்பாலும் பிழைக்காது. இறாலுக்கென்றே விற்கிற தாது உப்பு நல்லது. அது கிடைக்காவிட்டால் கணவாய் ஓட்டில் ஒரு விரல் நீளத் துண்டு போட்டுவைத்தாலும் மெதுவாகக் கல்சியம் இறங்கும். தண்ணீர் மாற்றுவது கிழமைக்குப் பத்தில் ஒரு பங்கு, அதுவும் மெதுவாக ஊற்றி. மீன்காரர்கள் பாதித் தண்ணீரை ஒரேயடியாக மாற்றுகிற பழக்கத்தை இறால் தாங்காது, சட்டென்று தண்ணீர் மாறினால் நேரம் வருமுன்னே ஓட்டைக் கழற்றி மாட்டிக்கொள்ளும். குளோரின் போக்குகிற மருந்து கட்டாயம். மீன் வருத்தத்துக்கு என்று விற்கிற நீல, பச்சை மருந்துகளில் செம்பு இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கழிவிலிருந்து தண்ணீரில் சேருகிற நஞ்சுகளான அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாக இருக்க வேண்டும், தொட்டி தொடங்கி ஆறு கிழமை ஆகவில்லை என்றால் அதையும் அளந்துவிடுங்கள்.

செத்துவிட்டனவா என்ற பயத்துக்கு இன்றிரவே பதில் காணலாம். லைட்டை அணைத்து ஒரு மணிநேரம் கழித்து, டோர்ச் வாயில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொண்டு போங்கள், சிவப்பு வெளிச்சம் அவற்றை அவ்வளவாகக் கலைக்காது. மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். பில்டர் பஞ்சில், கல்லின் அடிவிளிம்பில், பிளாஸ்டிக் செடியின் தண்டில் பாருங்கள், நாலைந்தாவது மேய்ந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். பில்டர் உறிஞ்சுகிற வாயில் பஞ்சு மாட்டாவிட்டால் முதலில் அதை மாட்டுங்கள், உள்ளே போய் மாட்டியவையும் இருக்கலாம். சாப்பாடு கிழமைக்கு மூன்று நாள் போதும். வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்த முருங்கை இலையை, அல்லது மெல்லிய வெள்ளரித் துண்டை, எப்போதும் ஒரே இடத்தில், கண்ணாடிக்குப் பக்கத்தில், மகள் பார்க்கிற நேரத்துக்குப் போடுங்கள். இடமும் நேரமும் பழகிவிடும். இரண்டு மணிநேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள்.

பெண் இறால் வெளியே வந்தால் அதன் தலைக்குப் பின்னால், முதுகில் பார்க்கும்படி மகளிடம் சொல்லுங்கள். ஓட்டுக்கு உள்ளே மஞ்சளாக ஒரு சேணம் வைத்த மாதிரித் தெரிந்தால் அது முட்டை தயாராகிறது.

கௌராமியை எடுத்தால் வாங்கின கடையிலேயே திருப்பிக் கேட்டுப் பாருங்கள், அல்லது பெரிய தொட்டி வைத்திருக்கிற யாருக்காவது கொடுங்கள். வெள்ளவத்தைக் கால்வாயில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். டாங்க் கிளீனர் என்று விற்கிற மீன் இன்றைக்கு நம் நீர்நிலைகளில் பெருகிக் கிடப்பது இப்படித் தொட்டியிலிருந்து கொண்டுபோய் விட்டதால்தான். நாளைக்கு இறால் பெருகி இடம் போதாமல் போனாலும் இதே பேச்சுத்தான். நம் ஓடைகளில் நம்முடைய சின்ன இறால்கள் இருக்கின்றன, நிறமில்லாமல், யாரும் கவனிக்காமல். அவற்றின் வீட்டுக்குள் செர்ரியை விட வேண்டாம், கூடினதை எனக்குச் சொல்லுங்கள், தெஹிவளையிலிருந்து வாளியோடு வந்து நானே எடுத்துக்கொள்கிறேன்.